திறந்த ஏடும் விழித்த கண்ணும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியில் ஒரு காட்சியைக் காணலாம். கரிசல் காட்டின் நடுவே சின்னஞ்சிறு அறைகள் ஒன்றற்கொன்று எட்டாத தொலைவில் தனித்தனியே நிற்கும். இத்துணை நிலம் பரந்து கிடக்க, ஒரே பெருங்கூடமாகக் கட்டாமல் இவ்வாறு சிதறக் கட்டியது ஏன் எனப் புதியவர் வியப்பர். பட்டாசுத் தொழிலின் இயல்பு அறிந்தவரோ வியவார். ஓர் அறையில் தீப்பற்றினால் அத்தீ அவ்வறையோடு ஒழிதல் வேண்டும்; அடுத்த அறைக்குத் தாவுதல் ஆகாது. ஆதலின் அறைகளுக்கு இடையே வெளி விட்டனர். ஓர் அறைக்கு இத்துணை ஆள், இத்துணை மருந்து என வரையறையும் செய்தனர். உள்ளே நுழைவோர் செப்புத் தகட்டைத் தொட்டு, உடலில் தங்கிய மின்னை மண்ணில் இறக்கிய பின்னரே மருந்தைத் தொடுதல் முறை. இம்முறைகளைக் காத்து நிற்பவரைப் ‘போர்மேன்’ என்று இப்பகுதியார் அழைப்பர்.

இவ்வட்டாரத்துப் பள்ளியில் யான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் பயிற்றினேன். என் மாணவி ஒருத்தியின் தந்தையார் அத்தகைய போர்மேன். அவள் பொறியியல் கற்றுக் கணினித் துறையில் பணி பூண்டாள். விடுமுறைக்கு ஊர் வந்தபோது என்னைக் காண வந்தாள். “நீ செய்யும் பணி யாது, அம்மா?” என்று வினவினேன். “ஐயா, என் தந்தையார் செய்யும் பணியையே யானும் செய்கிறேன். அவர் மருந்து அறையைக் காக்கிறார், யான் வழங்கியைக் காக்கிறேன்” என்றாள். அவ்விடை என்னைச் சிந்திக்கச் செய்தது. அச்சிந்தனையின் பயனே இக்கட்டுரை.

வழங்கி என்பது யாது? நாம் கைப்பேசியில் ஒன்றைக் கேட்கின்றோம். எங்கோ இருக்கும் ஒரு கணினி அதனைத் தேடி எடுத்து வழங்குகின்றது. சர்வர் என்று பலரும் சொல்லும் அக்கணினியே வழங்கி. உணவு விடுதியில் நாம் காண்பது பரிமாறுவோரை, காணாதது அடுக்களையை. வழங்கியும் அடுக்களை போன்றதே. முதியோர் பெறும் ஓய்வூதியக் கணக்கும், மாணவர் பெறும் மதிப்பெண் பட்டியலும், உழவர் பெறும் பட்டாவும் இன்று அங்கேயே வைக்கப்பெற்றுள்ளன. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் வழங்கிகள் தாக்குண்டன. பெயர் பதிதல் முதலாகப் பல பணிகளையும் பல நாள் கையால் எழுதியே நடத்த நேர்ந்தது. நெடுந்தொலைவிலிருந்து நோயோடு வந்து வரிசையில் காத்து நின்ற எளியவரை எண்ணிப் பாருங்கள். வழங்கியின் காவல் செல்வர்க்கு மட்டும் உரிய பொருளன்று என்பது விளங்கும்.

இவ்வழங்கிகளுள் பெரும்பாலானவற்றை இயக்கும் நிரல்கள் எவரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்டவை என்று என் மாணவி கூறினாள். ‘திறந்த மூலநிரல்’ என்பது அவற்றின் பெயர். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அத்தகையது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இயங்குதளமும் லினக்சின் வழி வந்ததே. இவற்றை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்கொள்ளலாம்.

இதனைக் கேட்டதும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. “பூட்டின் அமைப்பை ஊரறியப் பரப்பினால் கள்வனுக்கு வழி காட்டியதாகாதா?” என்றேன். அவள் நகைத்து, “ஐயா, நல்ல பூட்டின் வலிமை அதன் சாவியில் இருக்க வேண்டும், அமைப்பை மறைப்பதில் இருத்தலாகாது” என்றாள். இஃது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. 1883-இல் கெர்க்காப்ஸ் என்னும் அறிஞர் போர்க்காலச் செய்தி மறைப்பைப் பற்றி எழுதியபோது, முறை பகைவன் கையில் சிக்கினும் கேடு விளையாதிருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். முறை வெளிப்படையாகலாம், சாவி ஒன்றே மறைவாக வேண்டும் என்பது அதன் கருத்து.

தமிழ் பயின்ற எனக்கு இதனை விளக்க வேறொரு சான்றும் கிட்டியது. நம் பழைய நூல்கள் எவ்வாறு அழிந்தன? பலரும் படித்தமையாலா அழிந்தன? இல்லை, எவரும் படியாமல் பெட்டியில் பூட்டி வைத்தமையால் செல்லுக்கு இரையாயின. எவ்வாறு பிழைத்தன? உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி, ஓர் ஏட்டோடு மற்றோர் ஏட்டை ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஓர் ஏடே இருப்பின் அதில் உள்ள பிழையே பாடமாக நிலைத்துவிடும். பல ஏடுகள் இருந்து, அவற்றைப் பலர் படித்தால், எழுதினோன் செய்த பிழை வெளிப்படும். பாடவேறுபாடு காட்டியும், இடைச்செருகல் களைந்தும் புலவர் செய்த தொண்டையே மூலநிரலைப் படிக்கும் பொறியாளர் இன்று செய்கின்றனர். திறந்த ஏடு திருத்தம் பெறும் என்பது தமிழர் பட்டறிந்த உண்மை.

ஆயினும், திறந்திருத்தல் ஒன்றே காவலாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நாம் கருத்தூன்றி எண்ணுதல் வேண்டும். ஏடு திறந்து கிடந்தாலும் படிக்கும் கண் இல்லையேல் பிழை பிழையாகவே கிடக்கும்.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது திறந்த மூலநிரல்களுள் ஒன்று. வங்கிக்கும் நமக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படியாவண்ணம் மறைத்தல் அதன் தொழில். 2012 மார்ச்சில் வெளிவந்த அதன் பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. வழங்கி விழித்திருக்கின்றதா என்று அறிய, மறுமுனையில் உள்ள கணினி ஒரு சொல்லை அனுப்பி, “இச்சொல் இத்துணை எழுத்துடையது, இதனைத் திருப்பிச் சொல்” என்று கேட்கும். ஐந்தெழுத்துச் சொல்லை அனுப்பி, ஐயாயிரம் எழுத்து என்று ஒருவன் பொய் கூறினால் வழங்கி என் செய்தல் வேண்டும்? எண்ணிப் பார்த்து மறுத்தல் வேண்டும். பிழையுற்ற நிரலோ எண்ணிப் பாராமல், அச்சொல்லையும் அதனை அடுத்துத் தன் நினைவில் இருந்த பிறர் செய்திகளையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிட்டது. ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் கணக்கேடு முழுவதையும் உரக்கப் படித்துவிடும் பேதைக் கணக்கனை ஒத்தது அது. கடவுச்சொல்லும், காக்க வேண்டிய சாவியுமே அவ்வாறு வெளிப்படக்கூடும்.

இப்பிழையை 2014-இல் கூகுள் நிறுவனத்தின் நீல் மேத்தா என்பவரும், பின்லாந்தின் கோடினாமிக்கான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டனர். ஏப்ரல் 7-ஆம் நாள் அது வெளியிடப்பட்டது. ‘ஹார்ட்பிளீட்’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. உலகில் ஏறத்தாழ 5 இலட்சம் வழங்கிகள் அதற்கு இடமாயிருந்தன என்று மதிப்பிட்டனர். கனடா நாட்டு வருவாய்த் துறையினின்று ஏறத்தாழ 900 பேருடைய அடையாள எண்கள் களவு போயின. இரண்டாண்டுக் காலம் அப்பிழை எல்லார் கண்முன்னும் கிடந்தது, எவரும் காணவில்லை.

ஏன் காணவில்லை? உலகின் பெருவங்கிகளும் பெருவணிகரும் பயன்கொண்ட அந்நிரலை முழுநேரமும் பேணியவர் அக்காலத்தில் ஒருவரே. அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். பொதுக்கிணற்றில் நீர் முகப்பார் ஊரனைவரும். தூர் எடுப்பார் ஒருவர். அவர்க்கும் கஞ்சி வார்ப்பார் இல்லை. இந்நிலையில் கிணறு பாழ்படுதல் வியப்பாகுமா?

விருதுநகரில் பிறந்து வளர்ந்தவர்க்கு இந்நோயின் மருந்தைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. ‘மகமை’ என்னும் சொல் இவ்வூர் வணிகர் வாழ்வில் ஊறியது. பருப்பும் மிளகாயும் எண்ணெயும் கைமாறும்போது ஒவ்வொரு வாணிகத்திலும் சிறு பங்கு எடுத்துப் பொதுநிதியில் சேர்ப்பர். அந்நிதி பொதுக்காரியங்களுக்குப் பயன்படும். வீடுதோறும் உலைக்கு இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்துத் திரட்டிய பிடியரிசியால் பள்ளியும் நடந்தது. 1903-இல் இவ்வூரில் பிறந்த காமராசர் இளமையில் கற்றது அத்தகைய பள்ளியில்தான். பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியதை நாடறியும். ஒருவன் தரும் பொற்காசினும் ஊரார் தரும் ஒரு பிடி அரிசி உறுதியானது. ஏனெனில், பொற்காசு தருவோன் மனம் மாறலாம். ஊரனைவரும் ஒருங்கே மனம் மாறுதல் அரிது.

இம்மகமையே திறந்த மூலநிரலுக்கு வேண்டும் என்பது என் துணிபு. 2014-இல் நேர்ந்த அதிர்ச்சிக்குப் பின் கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான், ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளையின் வழியே பொதுநிதி ஒன்று திரட்டின. ஜெர்மனி அரசு 2022-இல் இதற்கெனவே ஒரு நிதியம் அமைத்தது. பெங்களூரில் உள்ள ஜெரோதா நிறுவனம் 2024-இல் ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. இவை நற்றொடக்கங்கள். ஆயினும் பயன்கொள்வோர் தொகையை நோக்கக் கொடுப்போர் தொகை மிகச் சிறிது. இந்திய அரசு 2015-இலேயே தன் அலுவலகங்கள் திறந்த மூலநிரலை முதற்கண் கருதவேண்டும் எனக் கொள்கை வகுத்தது. விலையின்றிப் பெறுவதைக் கொள்கையாகக் கொண்டால், பேணுவதையும் கடமையாகக் கொள்ளுதல் அறமன்றோ? மென்பொருளால் பொருள் ஈட்டும் ஒவ்வொரு நிறுவனமும் தான் பயன்கொள்ளும் பொதுநிரல்களுக்குத் தன் வருவாயில் ஒரு சிறு பங்கை மகமையாக ஈதல் வேண்டும்.

பிழை காணுதல் ஒரு கடமை. கண்ட பின் திருத்தத்தை ஏற்றல் மற்றொரு கடமை. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் நிரலில் ஒரு குறை கண்டு, அதற்குத் திருத்தமும் வெளியிட்டனர். அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் அத்திருத்தத்தைத் தன் வழங்கியொன்றில் ஏற்றாது விட்டது. மே மாதம் கள்வர் அவ்வழியே நுழைந்தனர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் செய்திகள் களவு போயின. மருந்து விலையின்றிக் கிடைத்தது, உண்ணத்தான் ஆளில்லை. இங்கே குற்றம் நிரல் எழுதினோர்மேல் ஏறாது. திருத்தத்தை ஏற்காதோர்மேலேயே ஏறும்.

எங்கள் பகுதியார் இதனை நன்குணர்வர். விதிகள் ஏட்டில் உண்டு. அறைக்கு இத்துணை ஆள், இத்துணை மருந்து என்று உரிமத்திலும் எழுதப்பட்டுள்ளது. தீபாவளி நெருங்க, வேலை மிகும், அறையில் ஆள் மிகும், மருந்தும் மிகும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின் மேற்பட்டோர் மாண்டனர். தீயைக் கண்டு உதவ ஓடி வந்தோரும், என்னவென்று பார்க்க வந்தோரும் அவருள் பலர். அந்நாளை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது. உயிர் போவதும் செய்தி களவு போவதும் ஒன்றென்று யான் கூறேன். இரண்டிற்கும் வேர் ஒன்று என்பதே யான் கூறுவது. ‘இன்று ஒரு நாள்தானே’ என்னும் எண்ணமே அவ்வேர்.

அம்மாணவி கற்ற முதற்பாடமும் தந்தையாரிடம் கற்றதே. வழங்கியையும் அவள் அறை அறையாகப் பிரிக்கிறாள். ஒன்றில் கள்வன் புகுந்தாலும் மற்றொன்றுக்குச் செல்ல வழியிராது. ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை தருகிறாள். வேண்டாத செய்தியைச் சேர்த்து வைப்பதில்லை. அறையில் மருந்து குறைந்தால் கேடும் குறையுமன்றோ? 2021 டிசம்பரில் லாக்-ஃபோர்-ஜே என்னும் நிரலில் கொடிய குறை வெளிப்பட்டபோது, அவள் உறவினர் திருமணத்துக்காக ஊர் வந்திருந்தாள். மணவீட்டில் மேளம் முழங்க, அவள் மாடியறையில் அமர்ந்து விடியும்வரை ஒவ்வொரு வழங்கியாகத் திருத்தினாள். “கலியாண வீட்டில் என்ன கணினி?” என்று பாட்டியார் கடிந்தார். தந்தையார் மட்டும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சென்றாராம். காவற்பணி செய்தவர்க்கே காவற்பணியின் அருமை தெரியும்.

இனி, பிழையினும் கொடியது வஞ்சம். 2024-இல் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி அதனை உணர்த்தும். எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சிறு நிரல். அதனை ஒருவர் ஊதியமின்றி நெடுங்காலம் தனித்துப் பேணி வந்தார், சோர்வுற்றிருந்தார். ‘ஜியா டான்’ என்னும் பெயர் பூண்ட ஒருவர் உதவ வந்தார். இரண்டாண்டுக்கு மேல் நல்ல பணி செய்து நம்பிக்கை பெற்றார். பின்னர்ப் பொறுப்பும் பெற்றார். பெற்றபின், வழங்கிகளுக்குள் மறைவாக நுழையும் வழியொன்றை அந்நிரலில் செருகினார். இஃது இடைச்செருகல் அன்றி வேறென்ன? நல்லார் ஏட்டில் தீயார் புனைந்த வரி அது.

அதனைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர். வேறொரு வேலையில் இருந்த அவர், வழங்கிக்குள் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதை உணர்ந்தார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் துருவிச் சென்றார், வஞ்சத்தைக் கண்டார், மார்ச் 29-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அப்பதிப்பு பெரும்பாலான வழங்கிகளில் ஏறுமுன்னரே தடுக்கப்பட்டது. மூலம் திறந்திருந்தமையால் அவரால் துருவ முடிந்தது. அவர் விழித்திருந்தமையால் துருவ நேர்ந்தது. இரண்டும் வேண்டும், ஒன்று போதாது.

“இத்துணைக் கேடு நேருமாயின், மூடிய நிரலையே கொண்டால் என்ன?” என்று சிலர் வினவலாம். மூடிய நிரலிலும் பிழை உண்டு. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் தாக்குதல் விண்டோஸ் கணினிகளின் வழியே பல நாடுகளில் பரவியதை யாவரும் அறிவர். அங்கும் திருத்தம் முன்னரே வெளிவந்திருந்தது, ஏற்காதோரே இடருற்றனர். வேறுபாடு ஒன்றே: மூடிய வீட்டில் விரிசல் கண்டால் உடையவனே காணவேண்டும், திறந்த வீட்டில் வழிப்போக்கனும் கண்டு கூறலாம். வழிப்போக்கனே தச்சனாகவும் இருந்தால் திருத்தியும் தரலாம். ஆயினும் ஒன்று கூறுவேன்: எவரேனும் பார்ப்பர் என்று எல்லாரும் இருந்துவிட்டால், திறந்த வீடும் மூடிய வீடும் ஒன்றே.

ஆதலின் இளைஞர்க்கு யான் கூற விரும்புவது இது. பட்டாசு மருந்தில் கை கறுக்கப் பெற்றோர் உழைத்து உங்களைப் படிக்க வைக்கின்றனர். நீங்கள் கணினி கற்பீராயின், பிறர் எழுதியதைப் பயன்கொள்வதோடு நில்லாதீர். படியுங்கள். பிழை கண்டால் ஊரறியக் கூவிக் கள்வனுக்கு உரைக்காமல், முதற்கண் பேணுவோர்க்கு அறிவியுங்கள். திருத்தம் எழுத இயன்றால் எழுதுங்கள். இயலாவிடில், நன்றி கூறி ஒரு சொல் எழுதுங்கள். தனித்து உழைத்துச் சோர்ந்தவர்க்கு அச்சொல்லும் ஒரு பிடி அரிசியே.

என் மாணவி விடைபெறும்போது, “ஐயா, என் வேலை நன்றாக நடந்தால் எவருக்கும் ஒன்றும் தெரியாது” என்றாள். அவள் தந்தையாரும் அவ்வாறே பல ஆண்டுகள் பணி செய்தவர். அவர் காத்த அறையில் ஒரு நாளும் தீப்பற்றவில்லை. அதற்காக அவரைப் பாராட்டியவரும் இல்லை. நேர்ந்த கேட்டைப் பேசும் உலகம், நேராமல் காத்தவரைப் பேசுவதில்லை. நாமேனும் அவரை நினைப்போம். நினைப்பதோடு நில்லாமல், நம் பங்கான பிடியரிசியை இன்றே எடுத்து வைப்போம்.